கேபிளுக்கு ஓய்வு கேட்டவர்

மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத அரசியல்வாதியைக் கண்டுபிடிப்பது மிகச் சுலபம். "குழாயை மூடிவிடுவோம்" என்பார். அண்மையில் தொலைக்காட்சியில் மறுபடியும் ஒருவர் அப்படிச் சொன்னார். எங்கேயோ இரண்டு அயல் நாடுகளுக்குள் வரிச் சண்டை. எங்கள் சாமான்களுக்கு நீங்கள் வரி போட்டால் நாங்கள் உங்களுக்கு மின்சாரம் தரமாட்டோம் என்று மேசையில் தட்டிச் சொன்னார். நான் ரிமோட்டைச் சோபாவில் எறிந்துவிட்டேன். மலர், என் மனைவி, குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஓய்வு எடுத்த பிறகும் ஏன் இந்த மனுசன் கரண்டோடை சண்டை பிடிக்குது?" என்றாள்.

அன்று மாலையே, நான் முன்பு வேலை செய்த கட்டுப்பாட்டு அறையில் இப்போது இருக்கிற இளையவர்கள் இரண்டு பேர் செய்தி அனுப்பியிருந்தார்கள். எங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்ததா, நீங்கள் இருந்த காலத்தில் யாராவது கேட்டார்களா என்று. கேட்டார்கள். ஒரு குளிர்காலத்தில் கேட்டார்கள். அது நடக்காமல் போனது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன். எந்த அயல் நாடு என்று எழுதமாட்டேன். டென்மார்க்கிலிருந்து எல்லாத் திசையிலும் கடலுக்கு அடியால் கேபிள் போகிறது, விரும்பியவர் விரும்பியதை நினைத்துக்கொள்ளட்டும்.

முதலில் அந்தக் குழாய்க் கதையை முடித்துவிடுகிறேன். குழாயில் தண்ணீர் ஒரு பக்கம்தான் வரும். எங்கள் கேபிளில் இரண்டு பக்கமும் ஓடும். மேற்குக் கரைக் காற்றாலைகளைக் காற்று சுழற்றி அடிக்கும் நாளில் நாங்கள் கொடுப்போம். காற்று ஓய்ந்து போன நாளில் அவர்களிடம் வாங்குவோம். அதே கம்பி, அதே கடல். இன்றைக்கு நாங்கள் மூடினால் நாளைக்கு அவர்கள் மூடுவார்கள். இது ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் இறைச்சி லொறிகள் எல்லையில் மறிக்கப்பட்டு நிற்கும்போது பெரிய ஆட்களுக்கு விளங்குவதில்லை.

நான் இந்த வேலைக்கு வந்த பாதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது எல்லாருடைய பாதையும்தான். யாழ்ப்பாணத்தில் பாதியில் விட்ட படிப்பு, டென்மார்க்கில் அகதி முகாம், மொழி வகுப்பு, மீன் பதனிடும் தொழிற்சாலை. பிறகு ஓகூஸ் நகரத்தில் மின்பொறியியல். வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் என்னைவிடப் பத்து வயது இளையவர்கள். படித்து முடித்து, சில காலம் ஒரு துணைமின் நிலையத்தில் இருந்து, முப்பத்தைந்து வயதில் ஜூட்லாந்தில் உள்ள அந்தக் கட்டுப்பாட்டு அறைக்குள் போனேன். வீடு வைலே என்ற ஊரில். பனிமூட்டம் இல்லாத நாளில் நிலத்துக்குள் நீண்டு கிடக்கிற கடலான ஃபியோர்டுக்கு மேலால் போகும் பாலத்தில் காரை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போவது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

அங்கே என்னைப் பழக்கியவர் கிர்ஸ்டன். அப்போது ஷிப்ட் தலைவி, பிறகு முழு அறைக்கும் தலைவி. நல்ல உயரம், குரலை ஒருபோதும் உயர்த்தமாட்டார். மதியம் கறுத்த ரை மாப் பாணில் ஈரல் விழுதைப் பூசி, அதற்கு மேல் பீற்றூட் ஊறுகாய் வைத்து, அதே கதிரையில் இருந்து சாப்பிடுவார். டேனிஷில் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். ஆனாலும் என் மனதுக்குள் கிர்ஸ்டனை 'நீ' என்று சொல்ல எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை. அவர் பேசியது டேனிஷ். என் காதில் அது எங்கள் பேச்சாகத்தான் விழும், ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

அவருக்குப் பிடிக்காத சொல் ஒன்று இருந்தது. 'யா.' டேனிஷில் 'ஆம்' என்று அர்த்தம், எங்கள் பேச்சில் 'ஓம்'.

பழகு காலத்தில் ஒரு சிறிய அறையில் என்னை இருத்தி, பக்கத்து அறையிலிருந்து கிர்ஸ்டனே தொலைபேசியில் துணைமின் நிலைய ஆள் மாதிரிக் கதைப்பார். கணினித் திரையில் பொய் மின்வலை ஒன்று ஓடும். முதல் நாள் அவர் கதைத்தார்: லைனில் வேலை முடிந்தது, ஆட்கள் விலகிவிட்டார்கள், லைனை நிலத்தோடு கட்டி வைக்கிற புவித்தொடுப்பை ஒரு பக்கத்தில் கழற்றியாயிற்று, மற்றப் பக்கம் இப்போதுதான் பார்க்கப் போகிறேன், சுவிட்சைப் போடலாமா. நான் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கும்போது எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். ஒவ்வொரு வசனத்துக்கும் "யா... யா..." என்றேன். திரை முழுக்கச் சிவப்பாகி அபாயச் சத்தம் அடித்தது.

கிர்ஸ்டன் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"சிவா, நீ நாலு தரம் ஓம் எண்டனீ. எந்த ஓம் ஓம்?"

"நான் சொன்னது கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டு."

"அதை அவன் எப்பிடி அறிவான்? அவன் சுவிட்சைப் போட்டிட்டான்."

எங்கள் பேச்சில் தொலைபேசியில் மற்றவர் கதைக்கும்போது 'ஓம்' சொல்லாவிட்டால் அவர் கதையை நிறுத்திவிட்டு "லைனிலை நிக்கிறியளோ?" என்று கேட்பார். எங்களுக்கு அந்த ஓம் சம்மதம் இல்லை, மரியாதை. இதைக் கிர்ஸ்டனுக்கு விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டார். "நல்ல பழக்கம். வீட்டிலை வைச்சுக்கொள். இஞ்சை வேண்டாம்" என்றார்.

அந்த அறையில் வழக்கம் இதுதான். ஒருவர் சொல்வதை மற்றவர் வாய் திறக்காமல் முழுக்கக் கேட்கவேண்டும். பிறகு தான் கேட்டதைத் தன் வாயால் முழுதாகத் திருப்பிச் சொல்லவேண்டும். முதலாமவர் "சரி" என்று சொன்ன பிறகுதான் கை அசையும். இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். எழுபதை 'அரைநாலு' என்று ஏதோ கணக்குப் போட்டுச் சொல்கிற மொழி டேனிஷ், அதனால் எழுபது, எழுநூறு என்றெல்லாம் வாயே திறக்கக்கூடாது. ஏழு, பூச்சியம், பூச்சியம். கேட்க முட்டாள்தனமாக இருக்கும். ஆறு மாதம் போனதும் வேறு மாதிரிப் பேசுவதுதான் முட்டாள்தனமாகத் தோன்றும்.

வீட்டில் பெரிய பிரச்சினையாகிவிட்டது. அக்கா வாரம் ஒருமுறை தொலைபேசி எடுப்பார், நான் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். "தம்பி, உயிரோடை இருக்கிறியோ?" என்று கத்துவார். மலர் கடைக்குப் போய்ப் பால் வாங்கிவரச் சொன்னால் நான் திருப்பிச் சொல்வேன். "ரெண்டு லீற்றர் பால், ஒரு பாண், கொத்தமல்லி. சரியோ?" என் மகன் டேனிஷில் கேலி செய்வான், அப்பா ரோபோ என்று. எனக்குக் கோபம் வருவதில்லை. வாங்கவேண்டியதை மறந்து நான் ஒருநாளும் வெறுங்கையோடு வந்ததில்லை.

கிர்ஸ்டன் யாரையும் பாராட்டமாட்டார். ஒரு புயல் நாளில் மேற்குக் கரையில் இரண்டு லைன் அடுத்தடுத்து விழுந்தும் ஓர் ஊரும் இருளாமல் பார்த்துக்கொண்டோம். எல்லாம் அடங்கிய பிறகு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "அவ்வளவு மோசமில்லை" என்றார். ஜூட்லாந்துக்காரர் வாயில் அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அன்று முழுக்க நான் மிதந்துகொண்டு திரிந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இப்போது அந்தக் குளிர்காலத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறச் சில ஆண்டுகள் இருந்தன.

சண்டை இறைச்சியிலும் வெண்ணெயிலும் தொடங்கியது. அந்த அயல் நாடு எங்கள் லொறிகளை எல்லையில் மறித்து, சுகாதாரப் பரிசோதனை என்று நாட்கணக்கில் நிற்பாட்டி வைத்தது. பரிசோதனை என்பது பெயருக்கு. தங்கள் கமக்காரரை, அதாவது விவசாயிகளை, காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான். எங்கள் கமக்காரர் கொதித்தார்கள். பத்திரிகைகள் கொதித்தன. அதே நேரத்தில் அந்த நாட்டில் கடுங்குளிர், அவர்களுடைய பெரிய மின்நிலையம் ஒன்று பழுதாகி நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் நல்ல காற்று. கேபிள் முழு அளவில் அவர்கள் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இதை ஒரு எம்.பி. கண்டுபிடித்துவிட்டார். "அவர்களுடைய அடுப்பு எங்கள் கையில் இருக்கிறது" என்றார். அடுத்த நாள் எல்லாரும் அதையே சொன்னார்கள்.

அந்த அடுப்புகளில் ஒன்று என் அக்காவுடையது. அக்கா குடும்பம் இருந்தது கேபிள் கரையேறுகிற இடத்துக்குக் கிட்டிய ஒரு நகரத்தில், ஏழாம் மாடியில். அத்தான் அங்கே நெடுங்காலம் பஸ் ஓட்டியவர். பிறகு நுரையீரல் பழுதாகி, வீட்டில் ஒட்சிசன் மெஷினோடு இருந்தார். கரண்ட் போனால் பாவிக்க ஆஸ்பத்திரியில் ஒரு போத்தல் கொடுத்திருந்தார்கள். அது சில மணித்தியாலத்துக்குத்தான். அதற்குப் பிறகு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், கரண்ட் இல்லாத லிஃப்டில் கொண்டுபோக முடியாது.

ஒரு பகல் தொலைபேசி அடித்தது. தலைநகரிலிருந்து ஓர் ஆலோசகர். பெயர் மாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இளம் வயது, நல்ல மரியாதைக்காரர். முன்னொரு தடவை குழுவாக எங்கள் அறையைப் பார்க்க வந்தபோது நான்தான் சுற்றிக் காட்டினேன், கோப்பி போட்டுக் கொடுத்தேன். அதனால் கிர்ஸ்டனை விட்டுவிட்டு என்னைத் தேடி எடுத்திருந்தார். சிரித்துப் பேசுகிறவனிடம்தான் இப்படிப்பட்ட அலுவல்களைக் கேட்பார்கள்.

"சிவா, கேபிள் எப்பிடி இருக்குது?"

"நல்லா இருக்குது."

"வயசு போன கேபிள் எண்டு சொல்லுகினம். இந்தக் குளிருக்கை முழுச் சுமையோடை ஓடுறது அதுக்குக் கஷ்டமில்லையோ?"

எனக்கு நல்ல சந்தோஷம். தலைநகரில் இருந்துகொண்டு கேபிளின் சுகத்தை விசாரிக்கிற ஒருவர்! குளிர் கேபிளுக்கு நல்லது, கோடையில்தான் சூடேறும் என்று சொன்னேன். கரையில் மின்சாரத்தைக் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற நிலையத்தின் குளிரூட்டல் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொன்னேன். விளக்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எண்டாலும் ஒரு சின்ன ஓய்வு குடுத்தால் நல்லதுதானே?" என்றார்.

"கோடையிலை குடுத்தாச்சு. எல்லாம் பார்த்துப் பூட்டினது. இப்ப ஒண்டும் தேவையில்லை."

மொழி வகுப்பில் டேனிஷ் படித்தவனுக்கு இதுதான் வருத்தம். எங்களுக்குச் சொல் சொல்லாகத்தான் விளங்கும். டேனிஷ்காரர் ஒருவர் "ஜன்னல் திறந்திருக்குதுபோலை" என்றால், அது எழுந்து போய்ச் சாத்து என்று அர்த்தம். நான் நெடுங்காலம் "ஓம், திறந்துதான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தவன்.

மாஸ் பெருமூச்சு விட்டார். "நாளையிண்டைக்கு அவை எங்களோடை கதைக்க வருகினம், லொறி விசயமா. அண்டைக்கு எண்டு பார்த்துக் கேபிளுக்கு ஏதும் வருத்தம் வந்தால்... பாதியாக் குறைஞ்சால்கூட... அவைக்கும் கொஞ்சம் விளங்கும். நான் ஒண்டும் சொல்லேல்லை, சும்மா யோசிக்கிறன்."

அப்போதுதான் விளங்கியது. ஏழாம் மாடியும், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற மெஷினும் கண்ணுக்கு முன்னால் வந்தன. கத்தவேண்டும் போல இருந்தது. ஆனால் அந்தக் கதிரையில் அத்தனை வருடம் இருந்தவனுக்கு வாய் தன்பாட்டில் பழக்கப்படி வேலை செய்தது.

"நான் கேட்டதைத் திருப்பிச் சொல்லுறன். சரியோ எண்டு சொல்லுங்கோ. நாளையிண்டைக்குக் கேபிளின்ரை அளவைப் பாதியாக் குறைக்கச் சொல்லுறியள். கேபிளிலை பழுது இல்லை. பழுது எண்டு அறிவிக்கச் சொல்லுறியள். உண்மையான காரணம் லொறிப் பேச்சுவார்த்தை. சரியோ?"

எங்கள் அறைக்கு வரும் ஒவ்வொரு அழைப்பும் பதிவாகும். அது அவருக்கும் தெரியும், சுற்றிக் காட்டின அன்றைக்கு நானே சொல்லியிருந்தேன்.

"அப்பிடி நான் சொல்லேல்லை."

"அப்ப எப்பிடிச் சொன்னனீங்கள்? சரியாச் சொல்லுங்கோ, நான் திரும்பவும் சொல்லுறன்."

நான் அவரை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. அந்த அறையில் 'சரி' வராவிட்டால் அடுத்ததாகக் கேட்கவேண்டிய கேள்வி அதுதான். அவர், "விடுங்கோ சிவா, பிறகு கதைப்பம்" என்று வைத்துவிட்டார்.

நான் எழும்பிக் கிர்ஸ்டனின் அறைக்குப் போனேன். பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். பிறகு அதையும் சொன்னேன்.

"கிர்ஸ்டன், என்ரை அக்கா அங்கைதான் இருக்கிறா. அத்தான் மெஷினிலை இருக்கிறார். நான் இந்த விசயத்திலை இருக்கக்கூடாதெண்டால் சொல்லுங்கோ, வேறை ஆள் இருக்கட்டும்."

அவர் வாயைத் துடைத்தார். "என்ரை மகள் அங்கை கலியாணம் முடிச்சு இருக்கிறாள். பக்கத்துக் கதிரையிலை இருக்கிறவன் கோடை வீடு வைச்சிருக்கிறது அங்கை. அப்பிடிப் பார்த்தால் இந்த அறையிலை ஒருத்தரும் இருக்கேலாது. போய் இரு."

அவருடைய தொலைபேசி அடித்தது. இந்தத் தடவை மாஸின் மேலதிகாரி. கிர்ஸ்டன் என்னைப் போக விடாமல் கையைக் காட்டி, ஒலிபெருக்கியைப் போட்டார். அந்த மனிதரும் ஓய்வு, வயது, குளிர் என்று சுற்றி வளைத்தார். கிர்ஸ்டன் ஒரு சொல்லும் பேசாமல் முழுக்கக் கேட்டார். பிறகு கேட்டார்: "இது கட்டளையோ, விருப்பமோ?"

"அப்பிடி ரெண்டாப் பிரிக்கேலாது..."

"இஞ்சை பிரிப்பம். விருப்பம் எண்டால் நான் கேட்டிட்டன், நன்றி. கட்டளை எண்டால் கையொப்பத்தோடை அனுப்புங்கோ. நாளைக்குக் காலமை அளவை அறிவிக்கேக்கை, காரணம் எண்ட இடத்திலை நீங்கள் எழுதினதை அப்பிடியே போடுவம். வர்த்தகச் சண்டை எண்டால் வர்த்தகச் சண்டை எண்டு போடுவம்."

இதை விளக்கவேண்டும். பேச்சுவார்த்தை நாளை மறுநாள் என்றால், அந்த நாளுக்கான அளவு நாளைக் காலையே போகவேண்டும். அடுத்த நாளுக்குக் கேபிளில் எவ்வளவு அனுப்பலாம் என்ற அளவை நாங்கள் ஒவ்வொரு காலையும் அறிவிக்கவேண்டும். குறைத்தால் காரணமும் சொல்லவேண்டும். அந்த அறிவிப்பு போன கணமே எல்லா நாட்டிலும் மின்சாரம் வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். பொய்க் காரணம் போட்டால் அது குற்றம். உண்மைக் காரணம் போட்டால் அது உலகத்துக்கே தெரியும்.

அந்த மனிதர் யோசித்துச் சொல்வதாக வைத்தார். நான் கிர்ஸ்டனைப் பார்த்தேன்.

"கையொப்பத்தோடை வந்தால்?"

"வந்தால் செய்வம். நாட்டை நடத்திறது நானில்லை. பொய் மட்டும் எழுதமாட்டன்."

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. ஒருபோதும் செய்யமாட்டோம் என்று சொல்வார் என்று நினைத்திருந்தேன். எனக்கு அவரில் கோபம் வந்தது, மூன்று நாலு நிமிடம். பிறகு விளங்கியது, ஒருபோதும் மாட்டோம் என்று சொல்கிற ஆளாக இருந்தால் அவருடைய கேள்விக்கு யாரும் பயப்படமாட்டார்கள். கையொப்பம் வந்தால் உண்மைக் காரணத்தோடு அப்படியே அறிவித்துவிடுவார் என்பதுதான் அவர்களுக்குப் பயம்.

அன்று பின்னேரம் மற்றக் கரையிலிருந்து எரிக் எடுத்தார். அந்த நாட்டுக் கட்டுப்பாட்டு அறையில் என்னைப் போலவே இருக்கிறவர். இருபது வருடமாகக் குரலை மட்டும் தெரியும், முகம் தெரியாது. நாங்கள் ஆங்கிலத்தில் கதைப்போம். வழமையாக முதலில் கால்பந்து, பிறகு அலுவல். அன்று கால்பந்து இல்லை.

"சிவா, நாளையிண்டைக்கு முழுசா வருமோ? பேப்பரிலை கண்டதையும் எழுதுகினம். வராட்டில் எந்த ஊரை எந்த நேரம் நிப்பாட்டிறதெண்டு நான் இப்பவே பார்க்கவேணும்."

அவர் குரலில் பயத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்த மனிதர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். எனக்கு உண்மையில் தெரியாது. தெரியாததை அந்தத் தொலைபேசியில் சொல்லமுடியாது.

"அறிவிச்ச உடனை முதல் ஆளா உங்களுக்குச் சொல்லுவன்."

"அதுதான் பதிலோ?"

"அதுதான்."

அவர் கடதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு நன்றி சொல்லி வைத்தார். அந்த 'நன்றி' எனக்கு அடி விழுந்தது மாதிரி இருந்தது.

வீட்டுக்குப் போனதும் மலர் முகத்தைப் பார்த்தே கேட்டாள், என்ன என்று. வேலை என்றேன். இன்னொரு விசயமும் சொல்லவேண்டும். அக்காவுக்கு எடுத்து, "ஆஸ்பத்திரியிலை சொல்லி இன்னுமொரு போத்தல் எடுத்து வையுங்கோ" என்று சொல்ல வாய் உன்னிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு வசனம். ஆனால் அறிவிப்பு வரும்வரை எங்களுக்குத் தெரிந்த எதையும் வெளியே சொல்லக்கூடாது. அக்காவுக்குச் சொன்னால் அக்கா மகளுக்குச் சொல்வார், மகள் தமிழ்ச் சங்கத்து வாட்ஸப்பில் போடுவாள், விடிவதற்குள் பத்திரிகையில் வரும். அதோடு, அதே நகரத்தில் இன்னும் எத்தனையோ அத்தான்மார், மெஷினோடு. அவர்களுக்கு எடுக்க யாரும் இல்லை. தொலைபேசியை மலரிடம் கொடுத்து, "விடியும்வரை எனக்குத் தராதை" என்றேன். அவள் விசாரிக்காமல் வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்தாள்.

காலையில் பாலத்தில் பனிமூட்டம். முன்னால் போகிற காரின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. அறைக்குள் போனபோது கிர்ஸ்டன் எனக்கு முன்னமே வந்திருந்தார். "ஏதும் வந்ததோ?" என்றேன். "இல்லை" என்றார். அறிவிக்கவேண்டிய நேரம் வரை இருந்து பார்க்கவேண்டும். நான் மற்ற எல்லாக் கேபிள்களின் அளவையும் போட்டு முடித்தேன். அந்த ஒரு கேபிளின் இடத்தை வெறுமையாக விட்டேன். கிர்ஸ்டன் தேத்தண்ணீர்க் கோப்பையோடு என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். அறையில் எல்லாருக்கும் விசயம் தெரியும், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய கையில் தொலைபேசி. அது அடிக்கக்கூடாது என்று நான் எந்தத் தெய்வத்தை வேண்டினேன் என்று கேட்டால், எல்லாத் தெய்வத்தையும்தான்.

அடிக்கவில்லை.

"நேரமாச்சு" என்றார் கிர்ஸ்டன். "போடு."

"முழு அளவு போடுறன். குறைப்பு இல்லை. சரியோ?"

"சரி."

போட்டேன். அனுப்பினேன். அறிவிப்பு போய்விட்டது என்று திரையில் வந்தது. ஒருமுறை போனால் போனதுதான். 

எரிக்குக்கு எடுத்து இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். கடைசிப் பூச்சியத்தில் அவருக்குக் குரல் உடைந்தது. "சரி" என்றேன். அதற்குப் பிறகு கால்பந்து கதைத்தோம். அவருடைய அணி தோற்றுக்கொண்டிருந்தது, அதில் அவருக்கு அன்றைக்கு ஒரு கவலையும் இல்லை.

பேச்சுவார்த்தை நடந்தது. ஒரேயடியாக ஒன்றும் தீரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக லொறிகள் நகரத் தொடங்கின, இரண்டு பக்கமும் தாங்கள்தான் வென்றதாகச் சொல்லிக்கொண்டன. மின்சாரத்தைப் பற்றிப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. கோடையில் மாஸ் இன்னொரு குழுவோடு வந்தார். கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் என்னிடம் மெல்லச் சொன்னார்:

"நீங்கள் திருப்பிச் சொன்னதை நான் அப்பிடியே எழுதி மேலை குடுத்தனான், கையொப்பம் போடுங்கோ எண்டு. வாசிச்சுப் போட்டு ஒருத்தரும் பேனையைத் தொடேல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் வயித்திலை இருந்த கல்லு இறங்கினது."

அவரும் ஏவப்பட்டவர்தான், பாவம். நல்ல ஸ்ட்ராங்காக இன்னொரு கோப்பி போட்டுக் கொடுத்தேன்.

இளையவர்கள் எழுதியிருந்தார்கள், இப்போது பெரும்பாலான அறிவித்தல்கள் இயந்திரத்துக்கு இயந்திரம் போகின்றன, தொலைபேசி அடிப்பதே குறைவு என்று. நல்லது. இயந்திரத்துக்கு ஜாடை விளங்காது, அந்த வகையில் அது என் இனம். ஆனால் ஜாடையாகக் கேட்க நினைக்கிறவர்கள் இயந்திரத்தைக் கேட்கமாட்டார்கள், உங்களைத்தான் தேடி எடுப்பார்கள். அப்போது வெட்கப்படாமல் திருப்பிச் சொல்லுங்கள்.

அறிவிப்புப் போன அந்த நாள் வேலை முடிந்து கார் தரிப்பிடத்துக்கு வந்தேன். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. காருக்குள் இருந்து அக்காவுக்கு எடுத்தேன்.

"என்ன தம்பி, இந்த நேரத்திலை? ஆருக்கும் ஏதுமோ?"

"ஒண்டுமில்லை அக்கா. சும்மா எடுத்தனான்."

"சும்மா எடுக்கிற ஆளே நீ? நான் புட்டு அவிக்கிறன், அத்தானோடை கதை."

அத்தான் வாங்கினார். "தம்பி, உங்கடை ஆக்கள் எங்கடை கரண்டை நிப்பாட்டப் போறினமாம். ரீவியிலை சொல்லுகினம். மெய்யே?"

"இல்லை அத்தான். இண்டைக்கு அறிவிச்சாச்சு. முழுசா வரும்."

"அப்ப பயமில்லை" என்றார், ஏதோ மழை வராதாம் என்று சொன்னது மாதிரி. பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்குவதால் அவர் தொலைபேசியில் நீளமாகக் கதைப்பதில்லை. இரண்டு வார்த்தையோடு அக்காவிடம் கொடுத்துவிடுவார். அன்றும் கொடுக்கப் போனார்.

"குடுக்காதையுங்கோ அத்தான்," என்றேன். "கொஞ்சம் கதையுங்கோ."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"எதையாவது."

அவர் யோசித்தார். பிறகு, தான் ஓட்டின பஸ் பாதையை இப்போது மாற்றிவிட்டார்களாம், ஆஸ்பத்திரிக்கு முன்னால் நிற்பாட்டாமல் சுற்றிப் போகிறார்களாம், படித்தவன் செய்கிற வேலையா இது என்று தொடங்கினார். மூச்சு வாங்கி வாங்கி, ஒவ்வொரு தரிப்பிடத்தின் பெயரையும் சொல்லி, கடைசித் தரிப்பிடம் வரை கதைத்தார்.